பச்சைத் தோள் தக்காளியை விட்டுவிட்டுப் பேச மாட்டேன்

போன வாரம் கௌசல்யா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் பார்த்து ஓய்வுபெற்ற அதே உதவித் தோட்டக்கலை அலுவலர் வேலையில் இப்போது திண்டிவனத்தில் இருப்பவள். சுறுசுறுப்பான பெண். மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தப் போகிறார்களாம். வீட்டில் வளர்க்க ஏற்ற தக்காளி ரகங்களைப் பற்றி நான் பேச வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் மெல்ல விஷயத்துக்கு வந்தாள்.

“மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். பி.கே.எம். ஒன்னு பத்தி மட்டும் வேணாம் மேடம். அது ரொம்பப் பழைய ரகம். வர்றவங்க எல்லாம் கறுப்புத் தக்காளி, மஞ்சத் தக்காளின்னு கேட்டுக்கினு இருக்காங்க. நாம இதையே பேசிக்கினு இருந்தா பாதியில எழுந்து போயிடுவாங்க.”

“வேற?”

“மீன் கழுவுன தண்ணிய தக்காளிக்கு ஊத்துங்கன்னு எங்க வீடியோல ஒன்னு போட்டிருக்கோம். நல்லா ஓடிக்கினு இருக்கு. அதையும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லாயிருக்கும்.”

“இதெல்லாம் யார்ம்மா சொல்லச் சொன்னது?”

“எங்க சார்கிட்ட கேட்டேன் மேடம். ‘அவங்க சீனியர், நீங்க பாத்துக்கங்க’ன்னாரு.”

பி.கே.எம். ஒன்று, மீன் கழுவிய தண்ணீர், பாத்துக்கங்க. என் உத்தியோக வாழ்க்கையில் என்னை மிகவும் பாடாய்ப் படுத்திய விஷயங்கள் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவைத்தேன். யோசித்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ரகங்களைப் பற்றி. எனக்குக் கறுப்புத் தக்காளி மேல் கோபம் எதுவும் இல்லை. என் மாடியிலும் ஒரு தொட்டியில் வைத்துப் பார்த்தேன். கொடி ஏணி கேட்கிற அளவுக்கு வளர்ந்தது. காய்த்தது கொஞ்சம். ரசம் வைத்தால் ரசத்துக்கு நிறமே வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவரும் சாப்பிடக் கேட்கவில்லை. செர்ரித் தக்காளி பரவாயில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அது சமையலறை வரை வந்து சேராது, செடியிலேயே தீர்ந்துவிடும். இலைச்சுருட்டை நோய் விடாமல் வருகிற இடமென்றால் அர்கா ரக்ஷக் வைக்கலாம், தாங்கும். ஆனால் அது வீரிய ஒட்டுரகம். அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாய் மாதிரிப் பிள்ளை வராது, ஆளுக்கொரு முகமாக வரும். கோ மூன்று என்கிற ரகம் குட்டையாக, கொத்துக் கொத்தாகக் காய்க்கும். சின்னத் தொட்டிக்கு அதைவிட அடக்கமான செடி கிடையாது.

இத்தனையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், வீட்டில் ஒரே ஒரு தக்காளிதான் வைப்பேன் என்கிறவர்களுக்குப் பி.கே.எம். ஒன்று. குத்துச்செடி, ஒரு குச்சி நட்டால் போதும். பழம் சப்பையான உருண்டை. சாறும் புளிப்பும் உண்டு. காம்பைச் சுற்றித் தோள்பட்டை மட்டும் பச்சையாக இருக்கும். விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த பட்டத்திலும் அதே பழம் வரும்.

இப்போது இதையே ‘பாரம்பரிய நாட்டுத் தக்காளி’ என்று சின்னப் பொட்டலத்தில் கட்டி விற்கிறார்கள். சிரிப்பாக வருகிறது. தேனிப் பக்கத்து உள்ளூர்த் தக்காளி ஒன்றை எடுத்து, பெரியகுளத்து ஆராய்ச்சிப் பண்ணையில் சம்பளம் வாங்கிய ஆட்கள் உருவாக்கிய ரகம் அது. தக்காளியே கடல் தாண்டி வந்ததுதானே. சீமைத் தக்காளி என்றுதான் ஒரு காலத்தில் அதற்குப் பெயர். வந்த மருமகளைப் பிறந்த மகள் என்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நல்ல மருமகள் என்று சொன்னால் போதாதா?

நான் வல்லம் பக்கத்துக்காரி. வீட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும்தான் போடுவார்கள். தோட்டக்கலை பட்டயம் படித்தேன், வேலை கிடைத்தது, ஒரு மொபெட் வாங்கினேன். முதல் சில வருடங்கள் கத்தரி எது, களை எது என்று கற்றுக்கொள்வதிலும், ‘பொம்பள வந்து விவசாயம் சொல்லித்தருதா’ என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதிலும் போயின. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரக்காணம் பக்கம் மாற்றலாகி வந்த பிறகுதான் அந்த மேலதிகாரியிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். குரலை உயர்த்த மாட்டார். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டு, கனிவாக ஒரே வார்த்தை சொல்வார். “பாத்துக்கங்கம்மா.” செய் என்று சொல்ல மாட்டார், செய்யாதே என்றும் சொல்ல மாட்டார். நாற்று வந்துவிட்டது, இறக்கலாமா சார்? பாத்துக்கங்கம்மா. மழை வரும் போலிருக்கிறது, விழாவைத் தள்ளி வைக்கலாமா? பாத்துக்கங்கம்மா. காரியம் நன்றாக முடிந்தால், நான்தானே சொன்னேன் என்பார். கெட்டுப்போனால், பார்த்துக்கச் சொன்னேனே என்பார். பிடிக்க ஒரு நூல் இருக்காது. என் பணிக்காலத்தில் எனக்குக் கீழே இருந்த யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். கடைசி நாள்வரை சொல்லவும் இல்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அங்கே மகளிர் குழுவிலுள்ள வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. வீட்டுக்குச் சில பைகள், மண், எரு, தக்காளி நாற்று. கடலோர மண் வேண்டாமென்று பெருமுக்கல் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து நிரப்பினோம். நாற்று பி.கே.எம். ஒன்று. நான்தான் தேர்ந்தெடுத்தேன். மீன்குழம்பு கொதிக்கும் ஊரில் புளிப்பில்லாத தக்காளியைக் கொடுத்தால் செடியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தொடக்க விழாவில் சார் மைக் பிடித்தார். அன்று அவருக்கு என்ன உற்சாகமோ, வழக்கத்துக்கு மாறாக நேரடியாகவே ஒன்று சொன்னார்.

“உங்க ஊர்ல இல்லாத உரமா? மீன் கழுவுற தண்ணிய சும்மா கீழ ஊத்தாதீங்க. தெனம் செடிக்கு ஊத்துங்க. காய் எப்படித் தொங்குதுன்னு பாருங்க.”

பெண்கள் கை தட்டினார்கள். எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் ஏரி மீன் கழுவிய தண்ணீரை எல்லாரும் செடிக்கு ஊற்றுவதுதானே.

சில வாரங்களில் குப்பத்திலிருந்து தகவல் வந்தது, செடிகள் காய்கின்றன என்று. போய்ப் பார்த்தேன். இலைகளின் விளிம்பு தீய்ந்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. மண் ஈரமாக இருக்கிறது, செடி மட்டும் தண்ணீர் காணாதது மாதிரித் துவண்டு நிற்கிறது. பூச்சி இல்லை, வேர் அழுகலும் இல்லை.

அதிலும் முதலில் முழுக்கச் செத்தவை மல்லிகா வீட்டுச் செடிகள். மல்லிகாவின் கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அதிலிருந்து அவள் கைக்கு ராசியில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. வலை கோக்கக் கூப்பிட மாட்டார்கள். கருவாடு உப்புப் போடும்போது ‘நீ தள்ளி நில்லு’ என்பார்கள். குழுவில் அவளை மாதிரிச் செடியைக் கவனித்தவள் யாருமில்லை. தன் வீட்டு மீன் போதாதென்று பக்கத்து வீடுகளில் கழுவிய தண்ணீரையும் வாங்கி வந்து ஊற்றியிருக்கிறாள். நான் போனபோது காய்ந்த செடியைப் பிடுங்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“செடியில ஒன்னும் இல்லைங்க மேடம். எல்லாம் என் கைதான். ஊர்ல சொல்றது சரியாத்தான் இருக்குது.”

 எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சாரிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார்.

“அந்த ரகம் பழசும்மா, அதான் தாங்கல. அந்த ஜனங்களுக்கும் செடி பழக்கமில்ல. தொடக்க விழாவுக்கே வராத ஒரு பொம்பள இருக்குதாமே, அஞ்சலைன்னு. இப்படி அக்கறை இல்லாத எடத்துல வெச்சி வீணாக்கறதுக்கு, மிச்சத்த வல்லம் பக்கம் மாத்திடலாம். நாளன்னிக்கு விழுப்புரத்துல மீட்டிங்கு. கேப்பாங்க. பாத்துக்கங்க.”

அதற்கு அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ரகத்தின் மேலும் அந்தப் பெண்கள் மேலும் பழியைப் போட்டுப் பேசிவிட்டு வா என்பதுதான். பிறகு குப்பத்துக்குத் திட்டம் கிடையாது. மல்லிகாவின் கையைப் பற்றி ஊர் சொன்னதை அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பார்த்துக்கத்தானே சொன்னார், பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலையிலேயே குப்பத்துக்குக் கிளம்பினேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லார் வீட்டிலும் ஒரே கதை. கடைசியாக அஞ்சலை வீடு. அக்கறையில்லாதவள் என்று பெயர் வாங்கிய அந்த அஞ்சலை வீட்டில் தக்காளிச் செடி பச்சைப்பசேலென்று பூத்து நின்றது. அவள் அப்போதுதான் திண்டிவனத்தில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“இதுக்கு இன்னாம்மா ஊத்தினீங்க?”

“குழாத் தண்ணிதான் மேடம். வேற இன்னாத்த ஊத்துவாங்க?”

“மீன் கழுவுன தண்ணி ஊத்தச் சொன்னாங்களே?”

“நான் எங்க கூட்டத்துக்கு வந்தேன்? விடிஞ்சா கூடையத் தூக்கிக்கினு பஸ்ஸு புடிக்கிறேன். எவ சொன்னா மீன் தண்ணிய ஊத்தச் சொல்லி?”

சொன்ன பேச்சைக் கேட்ட வீடுகளில் எல்லாம் செடி செத்துக்கொண்டிருந்தது. கேட்காத ஒரு வீட்டில் பிழைத்துக்கொண்டது. அங்கேயே அடுத்த வீட்டு வாசலில் ஒருத்தி மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தேன். மண்சட்டியில் மீனைப் போட்டாள். கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டு நறநறவென்று உரசினாள். செதிலும் கவிச்சியும் போக வேண்டாமா? உப்பளம் இருக்கிற ஊர். அங்கே உப்புக்குக் கையளவு பார்க்கிற வழக்கமே இல்லை. இன்னொரு தடவையும் அள்ளிப் போட்டாள். கழுவிய தண்ணீரை எடுத்துக்கொண்டு நேராகச் செடிக்குப் போனாள்.

நான் அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றது. அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போய், பை மண்ணைக் கிளறி ஒரு துளி வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே. பையின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. முந்தின தடவை அதைச் சுண்ணாம்புக் கறை என்று நினைத்துவிட்டிருந்தேன்.

அஞ்சலைதான் முதலில் சிரித்தாள்.

“உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்வாங்க. இதுங்க உப்பத் தின்னுட்டு தண்ணி குடிக்க முடியாம செத்துப்போச்சுங்க.”

வேர் உப்பில் நின்றால் தண்ணீரை உறிஞ்சாது என்று பாடப்புத்தகம் நாலு பக்கத்துக்குச் சொல்லும். அவள் சிரித்ததே போதுமானதாக இருந்தது. மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை.

“அப்போ நான் ஊத்தினதாலதானே செத்துச்சு?”

“ஊத்தச் சொன்னதாலம்மா,” என்றேன்.

மறுநாள் விழுப்புரம் மீட்டிங்கிற்கு மல்லிகா வீட்டுப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் இது லக்கேஜா செடியா என்று பேஜாரு பண்ணினார். செத்த செடிக்கு டிக்கெட் கிடையாது என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் என் முறை வந்தது. மாவட்ட அளவிலான பெரிய அதிகாரி தலைமை. சார் முன்வரிசையில் இருந்தார். எழுந்து நின்றேன்.

“ஐயா, எங்க சார் பாத்துக்கங்கன்னு சொன்னாரு. போய்ப் பாத்தேன். ரகத்துல குறையில்ல. அந்தப் பெண்கள்கிட்டயும் குறையில்ல. உப்புப் போட்டு மீன் கழுவுன தண்ணிய ஊத்தினதுல மண்ணுல உப்பு ஏறியிருக்குது. நம்பலைன்னா நாக்குல வெச்சிப் பாருங்க.”

பையை மேசைமேல் வைத்தேன். யாரோ சிரித்தார்கள். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. சுண்டுவிரலால் ஈரமண்ணைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார், “இதுல மீன் தண்ணிய யார் ஊத்தச் சொன்னது?”

நான் சாரைப் பார்த்தேன். அவர் சொல்லிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஒத்துக்கொண்டால் அதோடு முடிந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏதாவது ஆர்வத்துல, கூட்டத்துல யாராவது சொல்லியிருப்பாங்க சார். நான் ஸ்டாஃப்பப் பாத்துக்கச் சொல்லியிருந்தேன்.”

“யாராவது இல்ல சார்,” என்றேன். “நீங்கதான் சொன்னீங்க. மைக்குல சொன்னீங்க. கை தட்டினாங்க.”

  சொல்லிவிட்டு நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மல்லிகாவின் கையைப் பற்றிய பேச்சு என்றைக்கும் மாறாது என்று தெரிந்திருந்தது. அன்று நான் பேசியது அதிகப்பிரசங்கித்தனம் என்று பிறகு பலர் சொன்னார்கள். இருக்கட்டும். இன்னொரு தடவை அந்த அறையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அதையேதான் பேசுவேன்.

திட்டம் குப்பத்திலேயே தங்கியது. மண்ணை மாற்றி மறு நடவுக்கு உத்தரவு வந்தது. கூடவே எனக்குக் கண்டாச்சிபுரத்துக்கு மாற்றல் உத்தரவும் ஜல்தியாக வந்து சேர்ந்தது. சார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். “கண்டாச்சிபுரம் நல்ல ஊரும்மா. பாத்துக்கங்க.” நல்ல ஊர்தான். நான் அங்கே நன்றாகவே இருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் மறு நடவை முடித்துவிட்டுத்தான் போனேன். அதே பி.கே.எம். ஒன்று. நாற்றைக் கொடுத்தபோது மல்லிகா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என் கையில வேணாம் மேடம். எங்க வீட்டு மண்ணுலயும் நீங்களே வெச்சிட்டுப் போங்க.”

நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலை தன் கையிலிருந்த நாற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

“நீ வெக்கலேன்னா நானும் வெக்கல. என் செடி பொழச்சதுக்கு என் கைராசியா காரணம்? நான் ஊர்லயே இல்ல. ஊர்ல இல்லாதவளுக்கு இன்னா கைராசி? வெய்யிடி.”

மல்லிகா வைத்தாள். முதல் நாற்று சாய்ந்துவிட்டது. மண்ணை அணைத்து நிமிர்த்தி வைத்தாள்.

காய்க்கிற சமயத்தில் விடுப்புப் போட்டுக்கொண்டு கண்டாச்சிபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். மல்லிகா வீட்டில் செடி கொள்ளாமல் பழம். பாதி முற்றிக் கீழே விழுந்து கிடந்தது. ஏன் பறிக்கவில்லை என்று கேட்டேன். “தோள்ல பச்சை போவலீங்களே மேடம். முழுசா பழுக்கட்டும்னு பாத்துக்கினு இருக்கிறேன்.” அந்தப் பச்சை போகாதம்மா, அதுதான் அதன் அடையாளம் என்றேன். அன்றுதான் பறித்தாள். அன்றைய குழம்பை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. அஞ்சலை கொண்டுவந்த வவ்வால் மீன், மல்லிகாவின் தக்காளி. அவ்வளவுதான் சொல்வேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கருவாடு உப்புப் போடும்போது மல்லிகாவைத் தள்ளி நிற்கச் சொன்னவர்களில் ஒருத்தி என்று பிறகு தெரிந்தது. கையில் ஒரு நாற்று.

“மல்லிகா, என் பையில இத நீ வந்து வெச்சிக் குடேன். நீ வெச்சாத்தான் காய்க்குதாம்.”

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கைராசி என்பதே பொய் என்று சொல்லத்தான் என் வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். இன்றைக்கும் குப்பத்தில் யார் தக்காளி வைத்தாலும் முதல் நாற்று மல்லிகா கையால்தான். விதையும் அவள் வீட்டு விதைதான். வருடா வருடம் பழம் பார்த்து, விதை எடுத்து, அலசிக் காயவைத்து எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்புகிறாள். என் மாடியில் இப்போது காய்ப்பது அதுதான். கௌசல்யா குடித்த காபிக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததும் அதுதான்.

ஒரே வாயால் அந்த ரகத்தையும் மல்லிகாவையும் குறை சொன்னார்கள். இரண்டும் ஒரே செடியில்தான் மீண்டு வந்தன. அதனால்தான் அதன் பெயரைத் தள்ளிவிட்டுப் பேச என்னால் முடியாது.

நேற்று கௌசல்யாவுக்குப் போன் செய்தேன். கறுப்பு, மஞ்சள், செர்ரி எல்லாவற்றைப் பற்றியும் பேசுகிறேன் என்றேன். முதலில் பி.கே.எம். ஒன்று, பச்சைத் தோளோடு பேசுவேன் என்றேன். உப்புப் போட்டு மீன் கழுவுகிற வீட்டில் அந்தத் தண்ணீர் செடிக்கு விஷம் என்று மைக்கில் சொல்வேன், உங்கள் வீடியோவையும் திருத்த வேண்டும் என்றேன்.

 அவள் மெல்லச் சொன்னாள். “வீடியோ நல்லா ஓடிக்கினு இருக்குது மேடம். இப்பப் போய்த் திருத்தினா, தப்பா போட்டோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அத விட்டுட்டுப் பேச முடியாதா?”

“முடியாதும்மா,” என்றேன். அதன்பிறகு, பணிக்காலம் முழுக்க ஒருவரிடமும் சொல்லாத அந்த வார்த்தையை முதல் முதலாகச் சொன்னேன்.

“வேற ஆளப் பாத்துக்கங்க.”